வியாபாரத்துக்கு சோஷியல் மீடியா: ஆள் வைப்பதும் நடத்துவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாபாரங்களின் சோஷியல் மீடியா பக்கங்களைப் பல வருடங்களாக நடத்திக்கொடுத்து வருகிறேன். புதிதாக யாரைச் சந்தித்தாலும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் போனில் சொன்னதை ஒரே இடத்தில் எழுதிவைத்தால் உதவும் என்று தோன்றியது. கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். முடிந்தால் மேலிருந்து கீழாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுக்கொண்டு போகும்.

தனியா ஒரு ஆள் போட்டே ஆகணுமா? நானே பார்த்துக்கிட்டா போதாதா?

ஆரம்பத்தில் நீங்களே பார்ப்பதுதான் நல்லது. வாடிக்கையாளர் என்ன கேட்கிறார், எந்த வார்த்தையில் கேட்கிறார், எந்த இடத்தில் தயங்குகிறார் என்பதெல்லாம் உங்கள் கையாலேயே பதில் எழுதினால்தான் பிடிபடும். பின்னால் ஆள் வைக்கும்போது அவரிடம் என்ன வேலை வாங்குவது என்பதும் தெரிந்திருக்கும்.

ஆள் தேவையா என்று பார்க்க நான் கவனிக்கும் அடையாளம் ஒன்றுதான். மெசேஜுக்குப் பதில் போடுவது தள்ளிப்போகிறதா? ஒரு வாரம் போஸ்ட் போடாமல் விட்டால் பெரும்பாலும் யாரும் கவனிக்கமாட்டார்கள். ஆனால் "இது ஸ்டாக் இருக்கா?" என்று கேட்டவருக்கு இரண்டு நாள் கழித்து "இருக்கு" என்று பதில் போனால், அதற்குள் அவர் வேறு இடத்தில் வாங்கி முடித்திருப்பார். அப்படி நடக்க ஆரம்பித்த வாரமே ஆள் தேடுங்கள்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப், லிங்க்ட்இன், எக்ஸ்னு எல்லாத்துலயும் இருக்கணுமா?

பெயரை எல்லா இடத்திலும் பதிவு செய்து வையுங்கள், வேறு யாரும் எடுத்துவிடாமல் இருக்க. நடத்துவதை இரண்டு இடத்தோடு நிறுத்துங்கள். ஆள் இல்லாத பேஜ், விளக்கு எரிந்துகொண்டிருக்கும் பூட்டிய கடை மாதிரி. வந்தவர் தட்டிப் பார்த்துவிட்டுக் கோபத்தோடு போவார்.

எந்த இரண்டு? உங்களிடம் ஏற்கெனவே வாங்குகிற இருபது பேரைக் கேளுங்கள், அவர்கள் எதில் நேரம் போக்குகிறார்கள் என்று. நிறுவனங்களுக்கு விற்பவர் என்றால் பதில் லிங்க்ட்இன் பக்கம் சாயும். கண்ணால் பார்த்து வாங்கும் பொருள் என்றால் இன்ஸ்டாகிராம். எப்படிச் செய்வது என்று விளக்க வேண்டிய பொருள் என்றால் யூடியூப், ஏனென்றால் அங்கே மக்கள் தேடி வருகிறார்கள்; மூன்று வருடத்துக்கு முன்னால் போட்ட வீடியோகூட இன்றைக்கும் ஆளைக் கூட்டிவரும்.

எங்க அக்கா பையன் நாள் முழுக்க இன்ஸ்டாலதான் இருக்கான். அவன்கிட்டயே குடுத்துடலாமா?

நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். பையனுக்கு ஆப் தெரியும், எது ஓடுகிறது என்று தெரியும். அதெல்லாம் உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் உங்கள் பொருள் தெரியாது, கோபமாக வரும் வாடிக்கையாளரிடம் பேசிப் பழக்கம் இல்லை, பணத்தைத் திருப்பித் தரலாமா கூடாதா என்று சொல்லும் அதிகாரமும் இல்லை. அந்த மூன்றும்தான் இந்த வேலையின் கனமான பகுதி.

வீடியோ எடுக்க, எடிட் செய்ய அவரை வைத்துக்கொள்ளுங்கள், செய்ததற்குக் கூலியும் கொடுங்கள். இன்பாக்ஸை, நேரில் வாடிக்கையாளரோடு பேசி அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுங்கள். விற்பனையில் பத்து வருடம் நின்றவருக்கு ஆப்பை ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆப் தெரிந்தவருக்கு விற்பனையை ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுக்க முடியாது.

ஆள் எடுக்கும்போது எதைப் பார்க்கணும்? டிகிரியா, அவங்க ஃபாலோயர்ஸ் எண்ணிக்கையா?

இரண்டுமே பெரிதாக எதையும் சொல்லாது. சொந்த அக்கவுன்டில் நிறைய ஃபாலோயர்ஸ் வைத்திருப்பவர் தன்னைப் பற்றிப் பேசத் தெரிந்தவர். உங்களுக்கு வேண்டியது இன்னொருவர் சார்பில் பேசத் தெரிந்தவர்.

நான் வைக்கும் பரீட்சை அரை மணி நேரம்தான். நிஜமாக வந்த மூன்று மெசேஜ்களைப் பெயர் நீக்கிக் கொடுத்து, பதில் எழுதச் சொல்வேன். ஒருமுறை கொடுத்த மெசேஜ் இது: "போன வாரம் வாங்கினது ரெண்டே நாள்ல பழுதாயிடுச்சு. போன் பண்ணா எடுக்க மாட்டேங்கறீங்க. ஏமாத்துக்காரங்க." முதலில் வந்தவர் எழுதினார்: "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். எங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தொடர்புகொள்ளவும்." போன் எடுக்கவில்லை என்று புகார் சொன்னவரை மறுபடி அதே போனுக்கே அனுப்பிவிட்டார். அடுத்து வந்தவர் எழுதியது: "போன் எடுக்காதது எங்க தப்பு. பில் நம்பரை இன்பாக்ஸ்ல அனுப்புங்க, இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள நானே பார்த்துச் சொல்றேன்." எழுதி முடித்துவிட்டு என்னிடம் திரும்பி, "மாத்திக் குடுக்கலாமான்னு நான் யார்கிட்ட கேக்கணும்?" என்றார். அந்தக் கேள்விக்காகவே அவரை எடுத்தோம்.

எழுத்துப் பிழை பார்ப்பது, போட்டோவை நேராக வெட்டுவது எல்லாம் வேலைக்கு வந்த பிறகு கற்றுக்கொள்ளலாம். கேட்டதைக் காதில் வாங்கும் குணம் வரும்போதே இருக்க வேண்டும்.

நம்ம ஆளா வெச்சுக்கறது நல்லதா, ஏஜென்சிக்குக் குடுக்கறதா, ஃப்ரீலான்சரா?

வேலையை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். டிசைன், வீடியோ எடிட்டிங், விளம்பரம் ஓட்டுவது இதெல்லாம் தொழில்நுட்ப வேலை. வெளியே கொடுக்கலாம், பல நேரம் வெளியே இருப்பவர்கள் நன்றாகவே செய்வார்கள். கமென்ட், மெசேஜ், "இன்னைக்கு புதுசா வந்தது" மாதிரியான போஸ்ட் இதெல்லாம் உங்கள் இடத்தில் இருப்பவர்தான் செய்ய முடியும். வெளியே இருப்பவர் ஒவ்வொரு கேள்விக்கும் உங்களுக்குப் போன் செய்து கேட்டுப் பதில் போடுவார். நீங்கள் போன் எடுக்காத அன்று பதில் நின்றுபோகும்.

ஏஜென்சியிடம் போனால் கையெழுத்துக்கு முன்னால் மூன்று விஷயம் கேளுங்கள். எங்கள் பேஜை நிஜமாகப் பார்க்கப்போகிறவர் யார், அவர் இன்னும் எத்தனை பேஜ் பார்க்கிறார்? விளம்பர அக்கவுன்ட் யார் பெயரில் இருக்கும்? பிரிந்துபோனால் எடுத்த வீடியோக்களின் ஒரிஜினல் ஃபைல்கள் எங்களுக்கு வருமா? இரண்டாவது கேள்விக்கு "எங்கள் பெயரில்தான் வைப்போம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். விளம்பரம் ஓடி ஓடிச் சேர்ந்த தகவல் எல்லாம் அந்த அக்கவுன்டில்தான் இருக்கும், பிரியும்போது அது அவர்களோடு போய்விடும்.

ஒரே ஆள் போட்டோ, வீடியோ, டிசைன், எழுத்து, விளம்பரம், பதில்னு எல்லாம் பண்ண மாட்டாங்களா?

பண்ணுவார்கள், ஆறு மாதத்துக்கு. அது ஒரு வேலை இல்லை, ஆறு வேலை. முப்பது விநாடி வீடியோ என்று சுலபமாகச் சொல்கிறோம். என்ன சொல்வது என்று யோசித்து, வெளிச்சம் பார்த்து எடுத்து, வெட்டி ஒட்டி, கீழே எழுத்து போட்டு, கேப்ஷன் எழுதி முடிக்க அரை நாள் போய்விடும். அந்த அரை நாளில் இன்பாக்ஸை யார் பார்ப்பது?

ஒரே ஆள்தான் என்றால் எதை விடுவது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொல்லும் வரிசை: பதில்தான் முதலில், வாரத்துக்கு இரண்டு நல்ல போஸ்ட் அடுத்து, மிச்சமெல்லாம் நேரம் கிடைத்தால். எதை விடுவது என்று முதலாளி சொல்லாவிட்டால், வெளியே தெரியாத வேலைதான் முதலில் விடுபடும். பதில் போடுவது அப்படிப்பட்ட வேலை.

ஒரு நாளைக்கு எத்தனை போஸ்ட் போடணும்?

உங்களால் ஒரு வருடம் விடாமல் போட முடிந்த எண்ணிக்கை எதுவோ அது. பெரும்பாலான சிறு வியாபாரங்களுக்கு வாரத்துக்கு இரண்டோ மூன்றோ வரும். சொல்ல ஒன்றும் இல்லாத அன்று "இனிய காலை வணக்கம்" படம் போட வேண்டாம்.

பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கணும்?

யாரிடமும் பாஸ்வேர்டைக் கொடுக்காமல் வேலை நடக்கும்படி செய்துகொள்ளுங்கள். ஃபேஸ்புக் பேஜுக்குப் பாஸ்வேர்டே கிடையாது. ஒவ்வொருவரும் தங்கள் சொந்த ஐடியில் நுழைவார்கள், பேஜில் அவர்களுக்கு முழுக் கட்டுப்பாடா, பகுதி உரிமையா என்று நீங்கள் தீர்மானிப்பீர்கள். லிங்க்ட்இன் பேஜில் சூப்பர் அட்மின், கண்டென்ட் அட்மின், அனலிஸ்ட் என்று படிகள் உண்டு. யூடியூபில் மேனேஜர், எடிட்டர், பார்வையாளர் என்று பிரித்துக் கொடுக்கலாம். பாஸ்வேர்டு தேவைப்படும் அக்கவுன்டுகளை ஒரு பாஸ்வேர்டு மேனேஜரில், அதாவது பாஸ்வேர்டுகளைப் பூட்டிவைக்கும் ஆப்பில், வையுங்கள். மீட்புக்கான மின்னஞ்சலும் போன் நம்பரும் நிறுவனத்துடையதாக இருக்கட்டும், ஊழியருடையதாக வேண்டாம். ஓடிபி ஒரே ஒருவரின் சொந்த போனுக்குப் போகிறது என்றால், அவர் விடுப்பில் போகிற அன்று நீங்களும் விடுப்பில் போன மாதிரிதான்.

முழுக் கட்டுப்பாடு இரண்டு பேரிடம் இருக்கட்டும். ஒருவரிடம் மட்டும் இருந்தால் அவர் அக்கவுன்ட் முடங்கும்போது பேஜும் முடங்கும். ஐந்து பேரிடம் இருந்தால் எவர் வழியாக வேண்டுமானாலும் திருட்டு நுழையும். "உங்கள் பேஜ் காப்புரிமை விதியை மீறியுள்ளது, 24 மணி நேரத்தில் மூடப்படும், இங்கே சொடுக்கவும்" என்று வரும் மெசேஜில் நல்ல விவரமானவர்களே ஏமாந்திருக்கிறார்கள். அதைத் தொடாமல், நேராக ஆப்புக்குள் போய் அறிவிப்பு உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், 2013 ஜனவரி 31 அன்று நடந்ததை மறக்க முடியவில்லை. பிரிட்டனின் ஹெச்எம்வி இசைக்கடை நிறுவனம் திவால் நடவடிக்கையில் இருந்த நேரம். பணிநீக்கக் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, "நாங்கள் எல்லோரும் வேலையை இழந்துகொண்டிருக்கிறோம்" என்று நிறுவனத்தின் அதிகாரபூர்வ ட்விட்டர் (இன்றைய எக்ஸ்) அக்கவுன்டிலிருந்தே நேரலை போல ட்வீட்டுகள் வந்தன. மார்க்கெட்டிங் இயக்குநர் "ட்விட்டரை எப்படி மூடுவது?" என்று கேட்டதாக அதிலேயே ஒரு ட்வீட்டும் வந்தது. எழுதியவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. சாவி எங்கே இருக்கிறது என்று மேலே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை என்பதுதான் பாடம்.

எங்ககிட்ட வேலை பார்த்தவர் பேஜையும் கையோட கொண்டுபோயிட்டார். சட்டப்படி அது யாருக்குச் சொந்தம்?

முன்கூட்டியே எழுதிவைக்காவிட்டால் இழுபறிதான். அமெரிக்காவில் போன்டாக் என்ற மொபைல் விமர்சனத் தளத்துக்கு எழுதிக்கொண்டிருந்த ஒருவர் 2010-இல் விலகினார். ட்விட்டர் பெயரை மாற்றிக்கொண்டு, சுமார் 17,000 ஃபாலோயர்களோடு அதே அக்கவுன்டைத் தொடர்ந்தார். நிறுவனம் 2011-இல் வழக்குப் போட்டது: ஒரு ஃபாலோயருக்கு மாதம் 2.50 டாலர், எட்டு மாதத்துக்கு மொத்தம் 3,40,000 டாலர். 2012 கடைசியில் இருவரும் சமரசமாகிப் போனார்கள், அக்கவுன்ட் அவரிடமே இருந்தது. யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு நீதிமன்றம் கடைசித் தீர்ப்பு சொல்லவே இல்லை.

அதனால் வேலை ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேருங்கள்: நிறுவனத்தின் பெயரில் தொடங்கிய அக்கவுன்டுகள் நிறுவனத்துடையவை, விலகும்போது உரிமைகளை ஒப்படைத்துவிட வேண்டும். நேர்மைக்காக மறுபக்கமும் எழுதுங்கள்: ஊழியரின் சொந்த அக்கவுன்ட் அவருடையது, அதில் நிறுவனம் உரிமை கோராது. ஏற்கெனவே போய்விட்டது என்றால், முதலில் அவரோடு மரியாதையாகப் பேசுங்கள். பாக்கிச் சம்பளத்தைக் கொடுக்காமல் வைத்திருந்தால் அதை முதலில் தீருங்கள். நான் பார்த்த இந்த மாதிரிச் சண்டைகளில் பாதிக்கு மேல் சம்பளச் சண்டைதான்.

எல்லா கமென்டுக்கும் பதில் போட்டே ஆகணுமா?

கேள்வி, குறை இந்த இரண்டுக்கும் கட்டாயம். பாராட்டுக்கு ஒரு லைக்காவது, நேரம் இருந்தால் பெயர் சொல்லி ஒரு நன்றி. வெறும் ஸ்மைலிக்கு ஒன்றும் வேண்டாம். "விலை என்ன?" என்று பொதுவில் கேட்டவரிடம் "இன்பாக்ஸ் பாருங்க" என்று சொல்வதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். ஒருவர் கேட்டார், அதே கேள்வியோடு பலர் பேசாமல் படித்துக்கொண்டிருக்கிறார்கள். விலையை அங்கேயே எழுதுங்கள்.

ஒருத்தர் கமென்ட்ல ரொம்ப மோசமா எழுதிட்டார். டெலீட் பண்ணிடவா?

மோசம் என்றால் எது? ஆபாசம், சாதி மத வசை, மிரட்டல், அடுத்தவரின் போன் நம்பர் முகவரி போடுவது, ஒரே லிங்கைத் திரும்பத் திரும்ப ஒட்டுவது என்றால் தயங்காமல் நீக்குங்கள். இந்தப் பட்டியலைப் பேஜிலேயே ஒரு போஸ்டாகப் போட்டு மேலே நிறுத்திவையுங்கள். பிறகு யாரும் "என் வாயை அடைத்துவிட்டார்கள்" என்று சொல்ல முடியாது.

ஆனால் பெரும்பாலும் என்னிடம் காட்டப்படுவது வசை இல்லை, காரமாகச் சொன்ன உண்மை. "மூணு வாரமாச்சு, பொருளும் வரல, பணமும் வரல" என்பதை நீக்கினால், அவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு நான்கு இடத்தில் போடுவார். இப்போது குற்றம் இரண்டாகிவிடும்: தாமதம் ஒன்று, மறைத்தது ஒன்று. அதை அப்படியே இருக்கவிட்டு, கீழே பதில் எழுதுங்கள். முதல் வரியில் என்ன தப்பு நடந்தது என்று ஒத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது வரியில் யார் எப்போது தொடர்புகொள்வார் என்று சொல்லுங்கள். ஆர்டர் நம்பர், போன் நம்பர் வாங்குவதை மட்டும் இன்பாக்ஸுக்குக் கொண்டுபோங்கள். பிரச்சினை தீர்ந்த பிறகு திரும்பவும் அதே கமென்டுக்குக் கீழே வந்து "நேற்று கிடைத்துவிட்டது என்று சொன்னீர்கள், நன்றி" என்று ஒரு வரி எழுதுங்கள். இந்தக் கடைசி வரியை எல்லோருமே மறந்துவிடுகிறார்கள். அடுத்த மாதம் அந்தப் பக்கத்தைப் பார்ப்பவர் புகாரை மட்டும்தான் பார்ப்பார்.

ஒரே ஆளோடு மூன்றாவது முறை பதிலுக்குப் பதில் போய்க்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டுப் போன் செய்யுங்கள். எழுத்தில் வளரும் சண்டை பல நேரம் குரலைக் கேட்டதும் அடங்கிவிடும்.

ராத்திரியிலயும் ஞாயித்துக்கிழமையிலயும் யார் பார்க்கறது?

பார்க்க வேண்டிய அவசியம் இல்லை, எப்போது பார்ப்போம் என்று சொல்லியிருந்தால். "காலை 9 முதல் மாலை 7 வரை பதில் சொல்வோம்" என்று பேஜில் எழுதுங்கள். வாட்ஸ்அப் பிசினஸில் இல்லாத நேரத்துக்கான தானியங்கி மெசேஜ் வைக்கலாம், மெசெஞ்சரிலும் உண்டு. அதில் "விரைவில் தொடர்புகொள்வோம்" என்று எழுதாமல் "நாளை காலை 9 மணிக்குப் பார்ப்போம்" என்று எழுதுங்கள்.

வாட்ஸ்அப்பின் சாதாரண பிசினஸ் ஆப்பில் இல்லாமல் பெரிய நிறுவனங்களுக்கான ஏபிஐ (மென்பொருள் இணைப்பு) வழியில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரம்தான் நம் விருப்பப்படி பதில் எழுத முடியும். அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பிடம் முன்பே ஒப்புதல் வாங்கிய மாதிரி மெசேஜ் (டெம்ப்ளேட்) மட்டும்தான் போகும். சனிக்கிழமை மாலை வந்த மெசேஜைத் திங்கட்கிழமை காலை பார்ப்பவர் இதில் மாட்டிக்கொள்வார்.

ஒவ்வொரு போஸ்டையும் நான் பார்த்து ஓகே சொன்ன பிறகுதான் போகுது. சரிதானே?

முதல் மாதம் சரி. மூன்றாவது மாதமும் அப்படியே என்றால், ஆள் சரியில்லை, இல்லை உங்களுக்கு விட மனசில்லை. அப்ரூவலுக்காக நான்கு நாள் கிடந்த போஸ்ட் வெளியே வரும்போது அதில் உயிர் இருக்காது, அடுத்த முறை அந்த ஆள் புதிதாக எதையும் முயற்சி செய்யவும் மாட்டார்.

எதற்குக் கேட்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்ற எல்லையை எழுத்தில் போட்டுவிடுங்கள். புதிய வரவு, வேலை நேரம், வாடிக்கையாளர் அனுப்பிய போட்டோ, வழக்கமான கேள்விக்குப் பதில் இதற்கெல்லாம் கேட்க வேண்டாம். விலை, தள்ளுபடி, மன்னிப்பு, மற்ற நிறுவனத்தின் பெயர் வரும் எதுவும், வாடிக்கையாளரின் உடல்நலம் பாதுகாப்பு தொடர்பான புகார் இதற்கெல்லாம் கேட்க வேண்டும். கேட்டால் நீங்களும் இரண்டு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். மன்னிப்பு என்று வந்தால் அதைவிட வேகமாக.

தப்பா ஒரு போஸ்ட் போயிடுச்சு. யாரும் பார்க்கறதுக்குள்ள தூக்கிட்டா போதுமா?

தூக்குங்கள், ஆனால் யாரும் பார்க்கவில்லை என்று நம்பாதீர்கள். 2011 பிப்ரவரியில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஊழியர் ஒருவர், பீர் குடிப்பதைப் பற்றித் தன் சொந்த அக்கவுன்டில் போட நினைத்ததைத் தவறுதலாகச் சங்கத்தின் அக்கவுன்டில் போட்டுவிட்டார். ஒரே ஆப்பில் இரண்டு அக்கவுன்டும் திறந்திருந்ததுதான் காரணம். சங்கம் அதை நீக்கியது. அதோடு நிற்காமல், நாங்கள் நிதானமாகத்தான் இருக்கிறோம், சாவியை வாங்கி வைத்துவிட்டோம் என்ற பொருளில் ஒரு வரியும் எழுதியது. ஊழியரும் தன் பெயரிலேயே ஒத்துக்கொண்டார். அந்த பீரின் ரசிகர்கள் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நன்கொடை கொடுக்க ஆரம்பித்தார்கள். மறைக்காமல் இருந்ததால்தான் அது முடிந்தது.

தப்பில் வகை உண்டு. எழுத்துப் பிழை என்றால் திருத்துங்கள், போதும். விலை தப்பு என்றால் திருத்தி, கமென்டில் திருத்தியதைச் சொல்லி, அதற்குள் ஆர்டர் செய்தவருக்குத் தப்பாகப் போட்ட அந்த விலைக்கே கொடுங்கள். மனதைப் புண்படுத்தியது என்றால் நீக்கி, என்ன சொன்னோம், ஏன் தப்பு என்று உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். "யாருடைய மனதாவது புண்பட்டிருந்தால்" என்று ஆரம்பிக்க வேண்டாம், புண்பட்டுவிட்டது.

முன்கூட்டியே ஷெட்யூல் செய்து வைத்தவை தனி ஆபத்து. நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பேஜில், பெரிய விபத்துச் செய்தி வந்த காலையில், இரண்டு வாரம் முன்னால் போட்டுவைத்த "கொண்டாட்டம் ஆரம்பம்!" போஸ்ட் தானாக வெளியானது. நான் பார்க்கும்போது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன்: துக்கச் செய்தி வந்தால் ஷெட்யூலை நிறுத்தும் உரிமை, யாரையும் கேட்காமல், பேஜ் பார்ப்பவருக்கு உண்டு.

ஃபாலோயர்ஸ் காசு குடுத்து வாங்கலாமா? எல்லாரும் வாங்கறாங்களாமே?

வேண்டாம். அவை உங்களிடம் எதையும் வாங்காத பொய் அக்கவுன்டுகள். 2014 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் போலிகளை மொத்தமாகத் துடைத்தபோது பலரின் எண்ணிக்கை ஒரே நாளில் சரிந்தது, அது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

ரீச் விழுந்துடுச்சு. ஆளை மாத்தணுமா?

ரீச் என்பது போஸ்ட் எத்தனை பேர் கண்ணில் படுகிறது என்ற கணக்கு. அது விழுந்தால், முதலில் என்ன மாறியது என்று பாருங்கள். 2016-இல் இன்ஸ்டாகிராம், நேர வரிசையை விட்டுவிட்டுத் தானே வரிசைப்படுத்திக் காட்ட ஆரம்பித்தது. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், நண்பர்கள் குடும்பத்தார் எழுதுவதற்கு முன்னுரிமை, பேஜ்களுக்குக் குறைவு என்று வெளிப்படையாகவே அறிவித்தது. அந்த வருடம் என்னிடம் வந்த முதலாளிகள் பலர் நல்ல ஆட்களை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். அந்த ஆட்கள்மேல் எந்தத் தப்பும் இல்லை.

விழுந்தது எல்லா போஸ்டுக்குமா, ஒரு வகைக்கு மட்டுமா என்று மூன்று மாதக் கணக்கைப் பிரியுங்கள். எல்லாவற்றுக்கும் என்றால் தளம் மாறியிருக்கலாம். ஒரு வகைக்கு மட்டும் என்றால், பார்ப்பவர்களுக்கு அது சலித்துவிட்டது. ஆளை மாற்றும் யோசனை அதற்கும் பிறகுதான்.

அப்போ அவங்க வேலையை எதை வெச்சு அளக்கறது? ரீச் அவங்க கையில இல்லங்கறீங்க.

அவர் கையில் இருப்பதை அளங்கள். முதல் பதில் போக எவ்வளவு நேரம் ஆகிறது? பதில் இல்லாமல் கிடக்கும் மெசேஜ் எத்தனை? மெசேஜில் கேட்டவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள்? இதற்குப் பெரிய மென்பொருள் வேண்டாம். வாட்ஸ்அப் பிசினஸில் லேபிள் போடும் வசதி இருக்கிறது; "விலை கேட்டார்", "வாங்கினார்", "குறை சொன்னார்" என்று மூன்று லேபிள் போட்டு மாதக் கடைசியில் எண்ணிப்பாருங்கள்.

நான் ரொம்ப மதிக்கும் நான்காவது கணக்கு ஒன்று உண்டு. இன்பாக்ஸிலிருந்து உள்ளே என்ன மாறியது? "பத்துப் பேர் இதே மூடி சரியா மூடலன்னு சொல்றாங்க" என்று பேஜ் பார்ப்பவர் சொல்லி, தயாரிப்பில் அது திருத்தப்பட்டால், அந்த மாதம் அவர் ஒரு போஸ்டும் போடாவிட்டாலும் சம்பளத்துக்கு மேல் சம்பாதித்துக் கொடுத்துவிட்டார். மாதம் ஒருமுறை அவரை நிர்வாகக் கூட்டத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள்.

ட்ரெண்டிங் பாட்டு போட்டு ரீல்ஸ் போடறோம். பிரச்சினை வருமா?

வரும். சொந்த அக்கவுன்டில் கிடைக்கும் எல்லாப் பாட்டும் பிசினஸ் அக்கவுன்டில் கிடைக்காததற்குக் காரணமே அதுதான். வியாபாரப் பயன்பாட்டுக்கு அந்த உரிமம் செல்லாது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவின் சவுண்ட் கலெக்‌ஷன், யூடியூபின் ஆடியோ லைப்ரரி இரண்டிலும் பயன்படுத்தத் தக்க இசை இருக்கிறது. யூடியூபில் 90 நாளுக்குள் மூன்று காப்புரிமை ஸ்ட்ரைக் (மீறலுக்கான எச்சரிக்கை) வந்தால் சேனலே போய்விடக்கூடும். கூகுளில் தேடி எடுத்த போட்டோவுக்கும் இதே பேச்சுதான்.

இப்பதான் ஏஐ எல்லாத்தையும் எழுதுதே. இனி ஆள் எதுக்கு?

டிராஃப்ட் எழுத, ஒரே விஷயத்தை நான்கு விதமாகச் சொல்லிப்பார்க்க, நீண்ட வீடியோவுக்கு எழுத்து போட நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் மேலே ஆள் எடுக்கும் கேள்வியில் சொன்ன மெசேஜை நினைத்துப் பாருங்கள். வருந்துகிறோம் என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். பில்லைத் தேடி எடுத்து, கிடங்கில் கேட்டு, மாற்றித் தர முடிவெடுத்து, சாயங்காலம் போன் செய்வது யார்? இயந்திரம் மிச்சப்படுத்தும் நேரத்தை அந்த வேலைக்குத் திருப்புங்கள். விலையும் உறுதிமொழியும் உள்ள எதையும் மனிதர் ஒருவர் படிக்காமல் வெளியே விடாதீர்கள்.

இந்த ஆப்பே ஒரு நாள் போயிட்டா?

போயிருக்கின்றன. ஆர்குட் 2014-இல் மூடப்பட்டது, வைன் 2017-இல், பொதுமக்களுக்கான கூகுள் பிளஸ் 2019-இல். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒன்றாகச் சுமார் ஆறு மணி நேரம் நின்றுபோயின. மூன்றும் ஒரே நிறுவனத்துடையவை என்பது பலருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. வாடிக்கையாளரின் சம்மதத்தோடு அவர்களின் மின்னஞ்சலையோ போன் நம்பரையோ உங்களிடமே ஒரு பட்டியலாக வைத்திருங்கள். சொந்தமாக ஒரு பக்க இணையதளமாவது இருக்கட்டும்.

எங்க பேஜ் பார்த்துக்கற பொண்ணு ரெண்டு மாசமா யார்கூடயும் சரியா பேசறதில்ல. வேலையை விட்டுடுவாங்களோன்னு பயமா இருக்கு.

இதை என்னிடம் கேட்ட முதலாளியிடம், அந்தப் பெண் பார்க்கும் இன்பாக்ஸை ஒருமுறை திறந்து பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்ததில்லை. இருவரும் உட்கார்ந்து அந்த வாரத்து மெசேஜ் ரிக்வெஸ்ட்களைப் படித்தோம். பொருளைப் பற்றிய கோபம் பாதி. மீதி, பதில் எழுதுவது பெண் என்று தெரிந்துகொண்டு வந்தவை, இங்கே எழுத முடியாதவை. எல்லாவற்றையும் அவர் தனியாகப் படித்து, நீக்கி, அதற்கு அடுத்த மெசேஜுக்கு "வணக்கம், சொல்லுங்க" என்று எழுதியிருந்தார். முதலாளி எதுவும் பேசாமல் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் செய்த மாற்றங்களை அப்படியே சொல்கிறேன். ஆபாசமாக எழுதுபவரைக் கேள்வி இல்லாமல் பிளாக் செய்யும் உரிமை அந்தப் பெண்ணுக்கு எழுத்தில் கொடுக்கப்பட்டது. மிரட்டல் வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து முதலாளிக்கு அனுப்புவதோடு அவர் வேலை முடிந்தது. போலீசுக்குப் போவது நிறுவனத்தின் பொறுப்பு. பதில்களில் அவர் பெயர் வருவது நின்றது, நிறுவனத்தின் பெயர் மட்டும். இன்பாக்ஸை வாரத்தில் இரண்டு நாள் விற்பனைப் பிரிவிலிருந்து இன்னொருவர் எடுத்துக்கொண்டார். அந்தப் பெண்ணின் சொந்த போனிலிருந்து பேஜ் நீக்கப்பட்டு, நிறுவனம் தனி போன் வாங்கிக் கொடுத்தது. சாயங்காலம் ஏழு மணிக்கு அதை மேசை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் அவர் இப்போது கிளம்புகிறார்.